மணிபர்ஸுக்கு விடுமுறை

மாத முதலில் வருகிற சனிக்கிழமைக்கும் மாதக் கடைசியில் வருகிற சனிக்கிழமைக்கும் பெயர் ஒன்றுதான், குணம் வேறு. முதல் சனிக்கிழமை மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக வரும். கடைசிச் சனிக்கிழமையோ, அழைக்காமல் வந்துவிட்ட தூரத்து ஒறம்பரை மாதிரி, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே நுழையும்.

போன மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை அதைவிட மோசம். எனக்கு வரவேண்டிய தொகை ஒன்று வரவில்லை. யார் தரவேண்டியது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் வரப்போவதும் வராமல் போய்விடும். கதை எழுதுகிறவனுக்கு வரவு என்பது எங்கள் ஊர் நொய்யல் ஆறு மாதிரி. மேலே வெள்ளியங்கிரியில் மழை பெய்கிறது என்று சேதி வரும். வெள்ளம் வரும் என்று கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். நாம் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்கிறபோது கால் நனைகிற அளவு கூட இராது.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள், "நாளைக்கு எங்கேப்பா போறோம்?"

பதினோரு வயதுப் பெண். வார இறுதி என்றால் எங்கேயாவது போக வேண்டும் என்பது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி. தப்பு அவள்மேல் இல்லை. குளிர்சாதனம் போட்ட பெரிய கடைவீதிக் கட்டடம், அதற்குள்ளேயே ஒரு சினிமா, சினிமாவுக்குள்ளே சோளப்பொரி, வெளியே வந்தால் சாப்பாடு என்று பழக்கியவன் நான்தான். நான்கு பேர் போய்விட்டு 2,000 ரூபாய்க்குக் குறைந்து வீடு திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்க ஆகும் நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. "இந்த வாரம் மணிபர்ஸுக்கு விடுமுறை" என்று அறிவித்தேன். "சனியும் ஞாயிறும் ஒரு பைசா எடுக்கக் கூடாது. ஆனால் வீட்டிலே அடைந்து கிடக்கவும் கூடாது. சந்தோஷமாக இருக்க வேண்டும்."

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏனுங்க, செலவே இல்லாம நாளைக்கு நான் எப்படிங்க ரசம் வைக்கறது?" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கொங்கு நாட்டில் மிளகு, சீரகம், மல்லி முதலான சாமான்களுக்குச் 'செலவு' என்றே பெயர். அவற்றை அரைத்துப் போட்டு வைப்பது செலவு ரசம். எந்தக் காலத்திலோ எங்கள் முப்பாட்டிகள் சந்தையிலே காசைக் கொடுத்து வாங்கியது அந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது. நெல்லும் கம்பும் பருப்பும் காட்டில் விளைந்தன. காசு போனது மிளகுக்கும் சீரகத்துக்கும். ஆகவே அதுவே செலவாகிவிட்டது. இது என் அபிப்பிராயம். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

வீட்டில் ஏற்கனவே இருப்பதை உபயோகிக்கலாம் என்று விதி வகுத்தோம். அரிசி உண்டு, துவரம்பருப்பு உண்டு, செலவும் உண்டு. அரிசியும் பருப்பும் சோறு பொங்கிவிட்டால் கொங்கு நாட்டான் வேறு எதையும் கேட்க மாட்டான். பெட்ரோல் விஷயத்தில்தான் வாதம் வந்தது. ஸ்கூட்டரில் இருக்கிற பெட்ரோல் முன்பே வாங்கியதுதானே என்றேன். "திங்கக்கிழமை அதையே மறுபடி வாங்கோணுமல்ல" என்றாள் மனைவி. நியாயம்தான். ஸ்கூட்டர் சாவியும் பர்ஸும் அலமாரிக்குள் போயின. இந்தக் காலத்தில் பர்ஸைப் பூட்டினால் மட்டும் போதாது என்று மகள் சொல்லி, என் கைப்பேசியையும் வாங்கி உள்ளே வைத்தாள். டீக்கடையில் கூடக் கட்டத்தைப் படம் பிடித்தால் காசு போய்விடுகிற காலம் இது.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் காசு இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை.

இந்தப் போட்டியில் நான் ஜெயித்துவிடுவேன் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. காரணம், என் அப்பா. காசில்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றிரவு மகளுக்கு அந்தக் கதையைத்தான் சொன்னேன்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் துரை 1888-இல் முதல் மில்லை வைத்தார். 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு மில்கள் காளான் மாதிரி முளைத்தன. எங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் மில் சங்கு ஊதித்தான் விடியும். சங்கு ஊதித்தான் பொழுது சாயும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதும் தானாக வந்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக லோகாண்டே என்பவர் பல வருஷம் போராடி 1890-இல் ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுத்தார். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அந்த ஓய்வை எல்லா ஆலைத் தொழிலாளிக்கும் உறுதியாக்கியது. கூலியைப் பற்றிச் சட்டம் சொல்லும். ஓய்வைப் பற்றியும் சொல்லும். ஓய்வு நாளில் கையில் காசில்லாதவன் எங்கே போவது என்பதை எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா வேலை செய்த மில்லை மூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் 'லாக்கவுட்' என்பார்கள். எட்டு மாதம் கேட்டிலே பூட்டுத் தொங்கியது. மற்றவர்களுக்கு அது எப்படியோ, எனக்கும் என் தம்பிக்கும் அந்த எட்டு மாதமும் தேர் நோம்பிதான். ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு அப்பா எங்களைச் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். தம்பி முன்னால் பாரில். நான் பின்னால் கேரியரில். எங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டார். ஆனால் எங்களுக்குத் தெரியும், பேரூருக்குத்தான் என்று.

சிங்காநல்லூரிலிருந்து பேரூர் 14 கிலோமீட்டருக்குக் குறையாது. திருச்சி ரோட்டில் போய், உக்கடம் பெரிய குளத்தைத் தாண்டி, வயல் வாசனை அடிக்கிற பேரூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் அப்பாவின் முதுகுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறதே, ஏன் இவ்வளவு தூரம் மிதிக்கிறார் என்று தம்பி ஒரு நாள் கேட்டான். "குளத்துல எல்லாரும் தெரிஞ்ச மூஞ்சி, கண்ணு" என்றார் அப்பா. தெரிந்த முகங்கள் இருந்தால் என்ன கெடுதல் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பேரூரில் அப்பாவைப் பிடிக்க முடியாது. கனகசபை மண்டபத்தில் ஒவ்வொரு தூணாக நிறுத்திக் காட்டுவார். நாயக்கர் காலத்துச் சிற்பம், 17-ஆம் நூற்றாண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. யானைத் தோலை உரித்துப் போர்த்த சிவனின் விரல் நகத்தைக் காட்டி, "கல்லுல நகம் பாரு, வெட்டி உடோணும்போல இருக்குது" என்பார். மேலே தொங்குகிற கல் சங்கிலியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். பிட்சாடனர் தூணுக்கு வந்தால் மட்டும் சிரிப்பார். "சாமியே சோத்துக்குத் திருவோட்டைத் தூக்கியிருக்குது, பாத்துக்க."

பிறகு பனைமரம், புளியமரம். இறவாப் பனை, பிறவாப் புளி என்று பேரூரில் இரண்டு அதிசயம் சொல்வார்கள். பனை சாகாது, புளியங்கொட்டை முளைக்காது. தம்பி ஒரு கொட்டையைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்து எங்கள் லைன் வீட்டுப் பொடக்காலியில் புதைத்து இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினான். முளைக்கவில்லை.

கடைசியாக நந்தி. அங்கே அப்பா உட்கார்ந்து கதை சொல்வார். சுந்தரமூர்த்தி நாயனார் பேரூருக்கு வருகிறார். வந்தால் பொன் கேட்பார். பட்டீசுவரரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. என்ன செய்வது? சுவாமி உழவன் வேஷம் போட்டுக்கொண்டார்; அம்மன் பச்சைநாயகி உழத்தி வேஷம் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாக வயலில் இறங்கி நாற்று நடப் போய்விட்டார்கள். போகும்போது நந்தியிடம், "யார் கேட்டாலும் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். சுந்தரர் வந்து கேட்டார். நந்திக்குப் பொய் சொல்ல வரவில்லை. வாயைத் திறக்காமல் கண்ணால் வயல் பக்கம் காட்டிவிட்டது. சுவாமிக்குக் கோபம் வந்து கையிலிருந்த மண்வெட்டியால் ஒரு போடு போட்டார். நந்தியின் தாடை சிதைந்துபோயிற்று.

கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தில் வருகிற கதை இது. ஆனி மாதத்தில் இன்றைக்கும் பேரூரில் நாற்று நடவு உற்சவம் நடக்கிறது. நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அப்பா ஒரே மாதிரி முடிப்பார்: "நந்திகிட்டச் சொல்லாமயே போயிருக்கோணும். சாமிக்கு அந்த வெவரம் பத்துல."

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகே திரும்புவோம். அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை நொய்யல் படித்துறையில் தின்றதும், ஆற்றில் குளித்ததும், அரைத்தூக்கத்தில் கேரியரில் ஆடிக்கொண்டே வந்ததும்தான் என் பிள்ளைப் பிராயம் என்று சொன்னால் மிகையில்லை. ஒரு பைசா செலவு கிடையாது.

அம்மா மட்டும் ஒரு நாளும் எங்களோடு வந்ததில்லை. வா என்று கெஞ்சியிருக்கிறோம். "எனக்குச் சோலி கெடக்குது, போங்க" என்பாள். முகத்தில் ஒரு கடுகடுப்பு இருக்கும். எப்போது கிளம்பித் தொலைவோம் என்று காத்திருப்பதுபோல எங்களைத் துரத்துவாள்.

எட்டு மாதம் கழித்து மில் திறந்தது. அந்த ஞாயிறோடு பேரூர் நின்றுபோயிற்று. அப்பா விட்ட காசைப் பிடிக்க ஓய்வு நாளிலும் எங்கேயாவது கூலிக்குப் போக ஆரம்பித்தார். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். "மில்லு மறுபடியும் மூடிப் போகட்டும்" என்று கத்தினேன். அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அடி விழுந்த பகுதியை மகளிடம் சொல்லவில்லை. மற்றதைக் கேட்டுவிட்டு அவள் "அப்ப ஞாயிற்றுக்கிழமை பேரூர்" என்று தீர்மானம் செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கிளை நூலகத்துக்குப் போனோம். நூலகம் இலவசம் என்கிறோம். அது முழுக்க வாஸ்தவம் அல்ல. சென்னை மாகாணத்தின் 1948-ஆம் வருஷத்துப் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டுகிறோம். பணம் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வருகிற ஓட்டல் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். உள்ளே ஐந்தாறு பெரியவர்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருந்தார்கள். நான் வழக்கப்படி, யாரும் பார்க்காதபோது, என் புத்தகங்கள் இருக்கிற தட்டுக்குப் போனேன். எழுத்தாளர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள், ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் இரண்டாவது நாவலின் பின்பக்கத் தேதிச்சீட்டில் கடைசி முத்திரை விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சங்கடத்தை என் மகள் தீர்த்து வைத்தாள். "இதை நான் எடுத்துக்கறேன்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம். பெருமை ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பயத்துக்குக் காரணம் பின்னால் வருகிறது.

மாலையில் மனைவியும் மகளும் நானும் சிங்காநல்லூர்க் குளத்துக்கு நடந்தோம். அம்மா, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். எப்போதும் சொல்வதுதான். நொய்யல் தண்ணீர் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு என்று கைமாறி வருகிற சங்கிலியில் எங்கள் குளமும் ஒன்று. இப்போது ஆற்றுத் தண்ணீரோடு ஊரின் சாக்கடையும் சேர்ந்து வருகிறது. ஆகாயத்தாமரை பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் முதல் பத்து நிமிஷம் நிற்க முடியும். ஆனால் கூழைக்கடாக்களுக்கு அந்த மூக்கு கிடையாது போலும். ஆகாயவிமானம் இறங்குவதுபோலக் காலை நீட்டிக்கொண்டு ஒன்று தண்ணீரில் வந்து இறங்கியபோது மகள் கையைத் தட்டினாள். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டபடி ஒரு முள்மரத்தில் நின்றது. இருட்டுகிறவரை நின்று பார்த்தோம். சோளப்பொரி கேட்கவில்லை அவள்.

வீடு திரும்பினால் கதவு சாத்தியிருக்கிறது; அம்மா இல்லை. பதறிப்போனேன். பக்கத்து வீட்டு அம்மிணி, "மாரியம்மன் கோயில் மைதானத்துல இருக்காங்க" என்று சொன்னார்கள்.

மைதானத்தில் வள்ளி கும்மிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஐம்பது அறுபது பெண்கள், வட்டம் கட்டி ஆடுகிறார்கள். முன்பெல்லாம் ஆண்கள் ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் என்ற பெரியவர் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 2024-இல் அவருடைய 87-ஆவது வயதில் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இப்போது கொங்கு நாட்டில் எந்தக் கோயில் மைதானத்துக்குப் போனாலும் சனி ஞாயிறில் இந்தச் சப்தம் கேட்கும். பார்க்க டிக்கெட் இல்லை.

வட்டத்துக்கு வெளியே, விளக்குக் கம்பத்தடியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. கையும் தட்டிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. எங்களைக் கண்டதும் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "சத்தம் கேட்டுச்சு, வந்தேன்" என்றாள், குற்றம் செய்தவள்போல.

இரவு மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தோம். மகள் விளக்கடியில் உட்கார்ந்து என் நாவலை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என் புத்தகம் ஒன்றையும் அவள் படித்ததில்லை. நான் சற்றுத் தள்ளிப் படுத்துத் தூங்குவதுபோல் பாவனை செய்தேன்.

பயம் என்று சொன்னேன் அல்லவா? அந்த நாவலில் ஓர் அம்மா வருகிறாள். சிரிக்கத் தெரியாதவள். புருஷனும் பிள்ளைகளும் சைக்கிளில் வெளியே போகும்போது வாசலைத் தாண்டாமல் நின்று, சீக்கிரம் போங்கள் என்று விரட்டுகிறவள். அவர்களுடைய சந்தோஷத்தில் பங்குகொள்ள மனமில்லாதவள். பத்திரிகையில் தொடராக வந்தபோது அந்தப் பாத்திரத்தைப் பாராட்டி எனக்கு எத்தனையோ கடிதம் வந்தது. அப்படியே கண்முன் நிற்கிறாள் என்று எழுதினார்கள்.

மகள் அந்த அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள். நிறுத்தச் சொல்லலாமா என்று பார்த்தேன். தூங்குகிறவன் எப்படிச் சொல்வது? முழுக்க வாசித்து முடித்துவிட்டு, "அப்பத்தா, இதுல வர்றது நீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா சிரித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஒண்ணு மட்டும் உட்டுப்போட்டான்."

"என்னது?"

"வாசல்ல ஆளு உக்காந்திருக்குமே, அதை."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "எந்த ஆளம்மா?"

"மளிகைக்கடைக்காரருதான். மில்லு மூடுனதும் அரிசி பருப்பெல்லாம் அவருகிட்டக் கடனுக்குத்தான வாங்குனது? ரெண்டு மாசம் பொறுத்தாரு. அப்புறம் ஞாயித்துக்கெழமைன்னா ஒம்போது மணிக்கு நோட்டை எடுத்துட்டு வந்துருவாரு. மத்த நாள்ல வந்தா உங்கப்பா எங்காச்சும் மண்ணுவேலைக்குப் போயிருப்பாரு. ஞாயித்துக்கெழமைன்னா ஊட்ல இருப்பாருன்னு அவருக்கு நெனப்பு. பன்னெண்டு ஒரு மணி வரைக்கும் திண்ணையில உக்காந்திருப்பாரு."

"நீங்க இல்லைன்னு சொல்லி அனுப்பியிருக்கலாமே, அத்தை" என்றாள் என் மனைவி.

"பொய் சொன்னா என்ற மூஞ்சியே காட்டிக் குடுத்துரும் அம்மிணி. அதான் அவருகிட்டச் சொன்னேன், நெசமாவே இல்லாமப் போயிருங்க, எங்க போறீங்கன்னு எங்கிட்டச் சொல்லாதீங்கன்னு. பசங்களையும் கூட்டிட்டுப் போயிரச் சொன்னேன். அதுக உள்ளதைச் சொல்லிப்போடும். எட்டு மணிக்கு மேல நீங்க நின்னா எனக்கு வயித்தைக் கலக்கும்."

"அந்த ஆள் திட்டுவாரா?"

"அட, அவரு ஏங்கண்ணு திட்டறாரு? அவருக்கும் புள்ளைக்குக் கலியாணம் வெச்சிருந்துது, பணம் வேணுமல்ல? பேசாம உக்காந்திருப்பாரு. வெயில்ல உக்காந்திருக்காரேன்னு ஒரு சொம்பு மோர் குடுப்பேன். குடிச்சுப்போட்டு, 'அடுத்த வாரம் வர்றனுங்க'ன்னு போயிருவாரு. அவரு போன பொறகுதான் எனக்குச் சோறு எறங்கும்."

எத்தனை ரூபாய் கடன் என்று கேட்டேன். அம்மாவுக்கு முப்பத்தைந்து வருஷம் கழித்தும் காசு சுத்தமாக ஞாபகம் இருந்தது. 742 ரூபாய் 60 பைசா. மில் திறந்து ஒரு வருஷத்துக்குள் அப்பா தீர்த்துவிட்டாராம்.

மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் வெகு நேரம் யாரும் பேசவில்லை. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பா சொன்ன கதையின் கடைசி வரியை நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சாகிவிட்ட புத்தகத்தில் ஒரு பாராவைச் சேர்க்க முடியாது. நாலு வருஷமாக யாரும் எடுக்கவில்லை என்பதில் முதல் தடவையாக எனக்குக் கொஞ்சம் ஆறுதல் ஏற்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா, கேட்காமலே, குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பேரூருக்கு அவள் முன்பு வந்தது இரண்டு தடவை. ஒரு கல்யாணத்துக்கு, அப்பாவின் காரியத்துக்கு. இரண்டு தடவையும் கோயிலைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

போகிற வழி என்ன? 2021-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆக, என் வீட்டில் மூன்று பேருக்குப் பிரச்னையே இல்லை. நான் ஒருவன்தான் சுமை. டாக்டர் சொன்னார் என்று வாங்கி, இரண்டு வாரம் ஓட்டிவிட்டுச் சாத்தி வைத்திருந்த சைக்கிளை எடுத்தேன். அவர்கள் உக்கடத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து முக்கால் மணி நேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தேன். வழியில் பழைய வயல்களில் பாதியைக் காணோம். கல்யாண மண்டபங்களும் வீட்டுமனைப் பலகைகளும் இருந்தன. உக்கடம் மேட்டில் மிதிக்கும்போது ஒரு விஷயம் புரிந்தது. நான் ஒற்றை ஆள். கியர் வைத்த சைக்கிள். அப்பா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, காலையில் பழைய சோற்றைத் தின்றுவிட்டு மிதித்திருக்கிறார்.

கனகசபையில் மகளுக்கு நான் நகத்தைக் காட்டினேன். அவள் அம்மாவுக்குக் காட்டினாள். கல் சங்கிலியை அம்மா அண்ணாந்து பார்த்தாள். எல்லாவற்றையும் நிதானமாக, ஒரு வீட்டை வாங்குவதற்கு முன் பார்க்கிறவர்கள்போலப் பார்த்தாள். நந்தியிடம் வந்ததும் மகளே கதையைச் சொன்னாள், வெள்ளிக்கிழமை நான் சொன்னது மாறாமல்.

அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, "சாமி அம்மனையும் கூட்டிட்டில்ல போயிருக்குது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நந்தியின் தாடையை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வெளியே வந்தபோது உச்சி வெயில். படித்துறைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் தள்ளுவண்டியில் மோர் விற்றுக்கொண்டிருந்தார்கள். கட்டிக்கொண்டு வந்த சோறு பையில் இருந்தது. ஆனால் தண்ணீர்ப் புட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள் மகள். நான் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள்.

"நாலு மோர் குடுங்க" என்றாள்.

"அம்மா, எங்கிட்டக் காசு இல்லை" என்றேன். சட்டைப் பையை நிஜமாகவே தொட்டுப் பார்த்தேன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நாலாக மடித்த நோட்டுகள் இருந்தன. மோர்க்காரரிடம் எண்ணி 60 ரூபாய் கொடுத்தாள். மகள், "அப்பத்தா, ரூல் போச்சு" என்று கூவினாள்.

"எனக்கு யாரும் ரூல் சொல்லலையே" என்று அம்மா ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தாள். "நாளைக்குத் திருப்பிக் குடுத்துரு கண்ணு. இல்லீன்னா அடுத்த ஞாயித்துக்கெழமை ஒம்போது மணிக்கு நோட்டை எடுத்துட்டு வந்து திண்ணையில உக்காந்துக்குவேன்."

மோரில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். திரும்பிப் போக இன்னும் 14 கிலோமீட்டர் இருந்தது.